வெளியே விடுகிற மூச்சு

அந்த அம்மாள் மூச்சை உள்ளே இழுத்து நான் பார்த்ததில்லை. வெளியே விட்டுத்தான் பார்த்திருக்கிறேன். சூடான டீயை ஆற்றுகிறவரைப் போல உதட்டைக் குவித்து, அவசரமே இல்லாமல், உள்ளே இருப்பது தீரும் வரைக்கும் விடுவார். அது முடிந்த பிறகுதான் பேச்சு. ஒரு மூச்சுக்கு ஐந்து சொல். நல்ல நாளாக இருந்தால் ஏழு. எண்ணியிருக்கிறேன். புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை அறுத்து, அடித்து, எடை போட்டு, அந்தக் கிராமத்து விளைச்சல் இவ்வளவு என்று எழுதுகிற வேலை. ஓய்வுக்குப் பிறகு அளக்க வயல் இல்லை. அதனால் படிக்கட்டு, மின்விசிறி, மாத்திரை, மூச்சு என்று எதிரில் வந்ததையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எண்ணியவன் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. நெஞ்சு நோய்ப் பிரிவின் வரிசையில் எல்லோருக்கும் டோக்கன் எண்தான் பெயர்.

முதலில் பார்த்தது முண்டியம்பாக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படியில். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கியிருந்தேன். லிஃப்டுக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். ஒரு தடவைக்கு ஆறு பேர் என்றால் நான் மூன்றாவது நடையில்தான் ஏற முடியும். அதுவரை நிற்கப் பொறுமை இல்லை. படியேறினேன். பதின்மூன்றாவது படியில் உலகம் நின்றுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து இழுத்தேன், மறுபடியும் இழுத்தேன். எவ்வளவு இழுத்தாலும் காற்று தொண்டையோடு நின்றது. இதோ செத்துப்போகிறேன், அதுவும் ஒற்றைப்படை எண்ணில், என்று நினைத்தது நினைவிருக்கிறது.

படி திரும்புகிற இடத்தில், ஒயர் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையும் காலும் குச்சி. மார்புக்கூடு மட்டும் பீப்பாய் போல உருண்டு புடைத்திருந்தது.

“இழுக்காதீங்க சார்” என்றார்.

நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

“இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல. விடுங்க. உள்ள கீறத மொதல்ல விடுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. காற்றுப் பற்றாமல் சாகிறவனிடம், இருக்கிற காற்றையும் விடு என்கிறாரே. ஆனால் கோபத்தைச் சொல்லவும் காற்று வேண்டும். அவர் எழுந்து வந்து, என்னைப் படியில் உட்காரவைத்து, முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றவைத்தார். தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். “இப்டி. மெதுவா. ஒண்ணும் ஓடிப்போவாது.”

விட்டேன். நான்கு எண்ணுகிற வரைக்கும் முதல் முறை, ஆறு எண்ணுகிற வரைக்கும் இரண்டாவது முறை. ஏழாவது முறையில் புதுக்காற்று தானாக உள்ளே வந்தது. நான் இழுக்கவே இல்லை.

“நெறஞ்ச மூட்டைல இன்னும் நெல்ல திணிச்சா போவுமா சார்?” என்று கேட்டுவிட்டு அவர் தம் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கே ஊதல் சோதனை. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் அட்டைக் குழாயை வைத்து, முழு மூச்சையும் ஒரே வேகத்தில் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கிற பெண், “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று நம் காதருகே கத்துவார். நான் பதினொரு நொடி ஊதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஊதினேன். எனக்கு அடுத்து அந்த அம்மாள். பதினான்கு நொடி. மூன்று நொடியில் தோற்றுவிட்ட வருத்தத்தோடு டாக்டரம்மாவிடம் போய், “பதினொன்று நல்ல அளவுதானே?” என்று கேட்டேன்.

அந்த இளம் டாக்டர் சிரிக்காமல் சொன்னார். “நல்ல நுரையீரல்னா மொத செகண்டுலயே முக்கால்வாசி வெளிய வந்துடும் சார். உங்களுக்குப் பாதிகூட வரல. மீதி பத்து செகண்டும் சும்மா ஒழுகிக்கிட்டு இருந்திருக்கு. நீண்டு போறது பலம் இல்ல, அடைப்பு.”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாள் உதட்டைக் குவித்து விட்டுவிட்டுச் சொன்னார்: “என் புள்ளயும் பத்தாவதுல இப்டிதான். கட்டு கட்டா பேப்பர் வாங்கி எழுதிட்டு வந்தான்.”

“பாஸா?” என்றேன்.

“அவுட்டு.”

டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்தே விளக்கினார். ஒரு தாளின் பின்பக்கத்தில் தலைகீழ் மரம் ஒன்றை வரைந்தார். கிளைகள் மூச்சுக்குழாய்கள், நுனியில் திராட்சைக் கொத்து போல இருப்பவை காற்றுப் பைகள். புகை உள்ளே போனால் உடம்பு தன் காவலாளிகளை அனுப்புகிறது. அவர்கள் புகையை அடிக்கிறேன் என்று கிளம்பி வீட்டுச் சுவரையே இடிக்கிறார்கள். தினமும் புகை என்றால் தினமும் இடி. குழாய் வீங்கித் தடித்துச் சளி கோத்துக் குறுகுகிறது. சளியைக் கூட்டித் தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் கருகிப்போகின்றன. பைகளுக்கு நடுவே இருந்த மெல்லிய சுவர்கள் போய், நூறு சிற்றறைகள் இருந்த இடத்தில் ஒரு வெற்றுக் கூடம் மிஞ்சுகிறது. ரப்பர் போலச் சுருங்கிக் காற்றை வெளியே தள்ளுவது அந்தச் சுவர்கள்தான். குழாய்கள் மூடிக்கொள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அவைதான். அவை போன பிறகு, மூச்சு விடும்போதே குழாய் அமுங்கி மூடிக்கொள்கிறது. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. புதியதற்கு இடம் இல்லை. இடிந்த சுவரைத் திரும்பக் கட்ட மருந்து கிடையாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

நான் ஒன்பது கேள்விகள் கேட்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். அந்த அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார்.

“பொகபோக்கி அடச்சிக்கிச்சி. அவ்ளோதானம்மா?”

டாக்டரம்மா தாம் வரைந்த படத்தை ஒரு முறை பார்த்தார். “அவ்வளவுதாம்மா” என்றார்.

பிறகு, “பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?”

“எனுக்கு இல்ல. அடுப்புக்கு உண்டு.”

திண்டிவனத்துக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி தள்ளுகிற வேலை அவருக்கு. பதினாறு வயதிலிருந்து. நான் நாளைக்குப் பதினொரு சிகரெட் வீதம் முப்பத்துநான்கு வருடம் குடித்தவன்: ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூற்றுப் பத்து, லீப் நாட்களைச் சேர்க்காமல். நான் விரும்பிக் குடித்தேன். அந்த அம்மாள் வேலை பார்க்கிற இடத்தில் நின்றார், அவ்வளவுதான். ஊதல் சோதனைத் தாளில் இருவருக்கும் கோடு ஒரே மாதிரி சரிந்திருந்தது. சிறுவயதில் வந்த நிமோனியா, பழைய காசம், கல் தூள், காற்றுப் போகாத சமையலறை, எதிலிருந்தும் இந்தக் கோட்டுக்கு வந்து சேரலாம் என்றார் டாக்டரம்மா.

அவர் எத்தனை கூடை உமி தள்ளியிருப்பார் என்ற கணக்கு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த மாத வரிசையில் கேட்டேன்.

“எண்ணிக்கினு நின்னா உமி எரியுமா சார்?” என்றார்.

கேட்டும் விடை கிடைக்காமல் ஒரு நாள் நானே திண்டிவனம் போய் அந்த ஆலையைத் தேடிப் பிடித்தேன். ஆலைக்குப் பின்னால் ஒரே சுவரை ஒட்டி வரிசையாக எட்டு அறைகள். மூன்றாவது அறையில் அவரும் மகனும் மருமகளும். அங்கே ஒரு வழக்கம். புருஷன் மூட்டை தூக்க, பெண்டாட்டி அடுப்பில் நிற்க, இரண்டு ஆளாகச் சேர்ந்தால்தான் அறை. அடுப்பு ஆள் இல்லையென்றால் அறை இல்லை. புருஷன் இறந்த பிறகு அந்த அம்மாள் மகனோடு ஜோடி சேர்ந்து அந்தக் கணக்கை ஓட்டினார். அவருக்கு மூச்சு முட்டி அடுப்பில் நிற்க முடியாமல் போனபோது, கல்யாணமாகி வந்து நான்கே மாதமான மருமகள் அடுப்புக்குப் போனாள். அறை தங்கியது.

நான் போனபோது அந்தப் பெண் அடுப்பின் வாய்க்கு முன்னால் நின்று கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. முகத்தில் துண்டு கட்டியிருந்தாள். துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. பத்து நிமிடத்தில் ஏழு கூடை எண்ணினேன். ஏழாவதில் எனக்கே இருமல் வந்து வெளியே ஓடினேன்.

அந்த அம்மாள் நெல் காயப்போடுகிற களத்தின் கோடியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, அடுப்பைப் பார்க்காமல் புகைபோக்கியின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை வெளியேறுகிற விதத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற மகனிடம், “நடுவுல கரி கட்டிக்கினு கீது. எடப்பக்கம். பொக சாஞ்சி வருது பாரு” என்றார். அடுப்பு தணிந்ததும் மகன் ஏறிப் பார்த்தான். நடுவில், இடப்பக்கம், முழங்கை நீளத்துக்குக் கரி. தட்டி எடுத்த பிறகு அடுப்பு தானாகப் பிடித்து எரிந்தது. உள்ளே ஒரு பொருளைத் தொடாமல், நூறடி தள்ளி உட்கார்ந்து, வெளியேறுகிற புகையை மட்டும் பார்த்து உள்ளே எங்கே அடைப்பு என்று சொல்லுகிறவர். டாக்டரம்மாவின் கருவியும் அதைத்தான் செய்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டும்.

எனக்குக் கூடைக் கணக்கு மறந்துபோயிற்று.

“அது இருமுது சார்” என்றார் திடீரென்று, மருமகள் பக்கம் கண்ணைக் காட்டி. “காலைல எழுந்ததும் நாலு இருமல். போன வருசம் ரெண்டு.”

அவர் எண்ணி நான் கேட்ட ஒரே கணக்கு அதுதான்.

மருமகள் தண்ணீர் குடிக்க வந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். “ஆரம்பிச்சிட்டியா அத்த? உமிகிட்ட நிக்கறவ இருமாம பாடுவாளா? ஊரே இருமுது.” என் பக்கம் திரும்பி, “நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க சார். இது எப்பவும் என் வாயயே பாத்துக்கினு இருக்கும். பேஜாரு” என்றாள். அதில் விளையாட்டு பாதி, உண்மை பாதி.

அவள் போன பிறகு அந்த அம்மாள் நீளமாக விட்டார். “அதுக்கு இன்னும் செவுரு இடியல சார். இடியறதுக்குள்ள வெளிய எடுக்கணும்.”

“அறை போய்விடுமே?”

“ஆமா.” மறுபடி விட்டார். “நான் சொன்னா மாமியா சொல்றான்னு எடுத்துக்கும். மிசினு சொல்லட்டும்.”

ஒரு முறை விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி காப்பி கொடுத்தாள். டி.வி.யையோ, சுவரில் மாட்டியிருந்த என் பணி ஓய்வுப் பாராட்டுப் படத்தையோ அவர் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். புறா வருகிறதென்று காற்றுத் துளையை நான் அட்டை வைத்து அடைத்திருந்தேன். மொத்தம் மூன்று புறாக்கள். அவை செய்கிற அசிங்கத்துக்குக் கணக்கு வைக்க முடியாது.

“யாரு அடச்சது?”

நான்தான் என்றேன்.

“தாளிக்கிற பொக எங்க போவும் சார்? இவங்க நெஞ்சுக்குள்ள போவட்டுமா?”

அன்று மாலையே அட்டையை எடுத்துவிட்டேன். மனைவி இருபத்திரண்டு வருடமாக அந்தச் சமையலறையில் நிற்கிறாள். எனக்கு அவள் போட்ட தோசை கணக்குத் தெரியும். புகை எங்கே போகிறது என்று ஒரு முறையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அவருக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை. தனக்குத் துணைக்கு ஆள் வேண்டும், பஸ் ஏற முடியவில்லை என்று சொல்லி அழைத்துவந்திருந்தார். வந்த இடத்தில் டாக்டரம்மாவிடம், “இதையும் ஊதச் சொல்லுங்கம்மா” என்றார். மருமகள் முறைத்தாள். ஊதினாள். ஐந்தாவது நொடியில் ஊத ஒன்றும் இல்லாமல் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“குழாய் அடைக்கல” என்றார் டாக்டரம்மா. “ஆனா உங்க வயசுக்கு இருக்க வேண்டியதவிடக் குறைவுதான். இப்பவே புகையை விட்டு விலகிட்டா இதோட நிக்கும். தொடர்ந்தீங்கன்னா சொல்ல முடியாது. போனது திரும்பி வராதும்மா.”

மருமகளுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. வெளியே வந்ததும், “பாத்தியா அத்த? அடைக்கலன்ட்டாங்க. உனுக்கு இப்ப நிம்மதியா? நாளைக்கி ஜல்தியா போவணும், ரெண்டு லோடு நெல்லு அவியல் கீது” என்றாள்.

ஐந்து மாதம் எதிர்பார்த்திருந்தது அரை நிமிடத்தில் கைவிட்டுப் போனது. பஸ் நிற்கிற இடத்தில் இளநீர் வண்டி ஒன்று நின்றது. மூன்று இளநீர் சொன்னேன். கடைக்காரர் ஆளுக்கொரு காகிதக் குழல் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் தம் இளநீரிலிருந்த குழலை உருவி, நீரை உதறி, மருமகளிடம் நீட்டினார்.

“இந்தாம்மே. இத்த வாயில வெச்சிக்கோ. மூக்க புடிச்சிக்கோ.” ஒரு மூச்சு. “இதுலயே இழு, இதுலயே விடு.” இன்னொரு மூச்சு. “அந்தப் புளியமரம் வரிக்கும் போய்ட்டு வா.”

“இன்னா அத்த, ரோட்ல கொரங்கு வித்த காட்டச் சொல்ற?”

“காட்டு. சாரு பாக்கட்டும்.”

அவள் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புளியமரம் அறுபது தப்படி இருக்கும். பத்துத் தப்படி வரைக்கும் தோள் குலுங்கியது, சிரிப்பில். பதினெட்டில் நடை தளர்ந்தது. இருபத்தைந்தில் அவள் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. முப்பத்தொன்றில் நின்று, குழலைப் பிடுங்கி, மூக்கை விட்டுவிட்டு, குனிந்து, வாய் பிளந்து மூச்சு வாங்கினாள். மரத்தைத் தொடவில்லை. திரும்பி வரும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

இப்படிச் செய்துபார்க்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் அந்த அம்மாளைக் கேட்டேன்.

“யாரு சொல்லணும்? எனுக்கு எவ்ளோ வருதுன்னு எனுக்குத் தெரியாதா?”

மருமகள் கையிலிருந்த குழலைப் பார்த்தாள். “இவ்ளோதான் வருதா அத்த உனுக்கு?”

“நல்ல நாள்ல.”

“இதோட எப்டி தூங்குற?”

“ஒக்காந்துக்கினு.”

மருமகள் குழலை விரலில் உருட்டினாள். இளநீர்க்காரர் மட்டை சீவினார். ஆறு வெட்டு.

“செவுத்துல சாஞ்சிக்கினு ஒக்காந்துக்கினு இருப்பியே,” என்றாள் அவள், குரல் இறங்கி. “நான் போன்ல எங்கம்மாகிட்ட பேசறத வேவு பாக்குறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மூணு வருசமா.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்ப வாயத் தொறந்து சொல்றதுக்கின்னா?”

அந்த அம்மாள் உதட்டைக் குவித்து, தீரும் வரைக்கும் விட்டார்.

“சொல்றதுக்கு மூச்சு வோணுமே.”

மருமகள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு போனை எடுத்தாள். மறுபக்கம் அவள் புருஷன். “நாளைக்கி அடுப்புக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு. ஆமா, நான்தான் சொல்றேன், உங்கம்மா ஒண்ணும் சொல்லல. ரூமா? ரூமு போனா போவுது. வூட்ல ஒக்காந்துக்கினு தூங்குறதுக்கு அத்த ஒருத்தரு போதும். நீ சாமானக் கட்டு.”

அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. அந்த அம்மாள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குழல் இல்லாத இளநீரை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே குடித்தார். ஐந்து மடக்கு. ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் இளநீரை மடியில் இறக்கி, கண்ணை மூடி, உள்ளே இருந்ததை முழுவதுமாக வெளியே விட்டுவிட்டுத்தான் அடுத்த மடக்குக்குத் தூக்கினார்.